ஸ்கிரீன் லொக் ஆனா ஓடியோ கதை நிண்டுடுது, ஆராவது சொல்லுங்கோ

ஒரு மந்திரக் கதை ஓடியோ புக் கேக்கிறன், மந்திரக்காரிக்கும் அவளைப் பிடிக்க வந்த காவல்காரனுக்கும் காதல், நல்லாத்தான் போகுது, ஆனா ஸ்கிரீன் லொக் ஆகி கொஞ்ச நேரத்தில கதை தானா நிண்டுடும். திருப்பித் திறந்தா அத்தியாயத்தின்ர தொடக்கத்துக்கே போயிடுது, ஒவ்வொண்டும் முக்கால் மணித்தியாலம், இழுத்து இழுத்துத் தேட வேண்டிக்கிடக்கு.

நான் இருக்கிறது முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டானில. கச்சான் தோட்டத்தில புல்லுப் பிடுங்கேக்கதான் கேக்கிறது, கை முழுக்க மண், அடிக்கடி போனைத் தொட ஏலாது. இஞ்ச சிக்னல் வாறதும் போறதும் எண்டபடியா முல்லைத்தீவு ரவுணுக்குப் போகேக்க டவுன்லோட் பண்ணி வச்சிடுவன், அதால நெட் பிரச்சினை இல்லை. போன் ஆண்ட்ராய்டு 12, ராம் 3 ஜிபி. போன மாசம் அப்டேட் வந்த பிறகுதான் இப்பிடி.

பற்றரி சேவரை நிப்பாட்டினன், அப்புக்கு பற்றரி அன்ரெஸ்ட்ரிக்டட் குடுத்தன், கேஷ் கிளியர் பண்ணினன், அழிச்சிட்டுத் திருப்பியும் போட்டன் (டவுன்லோட் எல்லாம் போச்சுது, அது வேற கதை). ப்ளூடூத்தை விட்டுட்டு வயர் ஹெட்செட் போட்டாலும் அதேதான். பாட்டு அப் மட்டும் லொக்கிலயும் நிக்காமல் பாடுது.

போனை ரீசெட் பண்ணாமல், லொக்கிலயும் கதை ஓட இன்னும் எந்த செட்டிங்கை மாத்தோணும்?