ஷிகிகின் திரும்பக் கிடைத்த கதை: ஜப்பானில் வீடு காலி செய்தவர்களின் அனுபவங்கள்

டோக்கியோவின் நிஷிகசாயில் நாலரை வருஷம் குடியிருந்த வாடகை வீட்டைப் போன மார்ச்சில் காலி செய்தோம். மூன்று வாரம் கழித்து நிர்வாகக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. ஷிகிகினாக, அதாவது நம்மூர் அட்வான்ஸ் போன்ற டெபாசிட்டாகக் கொடுத்திருந்த 92,000 யென் முழுவதும் கழிந்துவிட்டது, மேற்கொண்டு 71,400 யென் கட்ட வேண்டும் என்றது. கடைசியில் ஒரு யென்னும் கட்டவில்லை, 45,725 யென் திரும்ப வந்தது. நடந்ததை விவரமாக எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

சாவி கொடுக்கிற நாளில் "தச்சியாய்" என்று ஒன்று உண்டு. கம்பெனி ஆளும் நாமும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. வந்தவர் மிக மரியாதையான மனிதர். பையிலிருந்து உள்செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போட்டோ எடுத்தார். ஃபிரிட்ஜ் இருந்த இடத்துச் சுவரில் கறுப்புப் படிவு. ஜன்னலோரம் வெயிலில் மங்கிய வால்பேப்பர். அடுப்புக்குப் பின்னால், நாலரை வருஷம் கடுகு தாளித்த சுவரில், மஞ்சளும் எண்ணெயும் கலந்த கறை. அதற்கு முந்தின ராத்திரி சோப்புத் தண்ணீர் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தும் போகவில்லை. ததாமி என்கிற புல் பாய்கள் பதித்த அறையில் கிரைண்டர் வைத்திருந்த மூலையில் ஒரு பாய் ஈரம் பட்டுக் கருத்திருந்தது. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடித்து டேப்லெட்டை நீட்டி, இங்கே ஒரு கையெழுத்து என்றார். நானும் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஏங்க, தொகையே போடலை. எதுக்குக் கையெழுத்து?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்த ஒரு கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. வீட்டின் நிலையைப் பார்த்ததை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், யார் செலவு என்பதை "மெய்சாய்" என்கிற விவரப் பட்டியல் வந்த பிறகு பேசுகிறேன் என்று ஜப்பானிய மொழியில் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் மறுக்கவில்லை.

நம்மில் பலர் ஏன் மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிடுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். சென்னையில் அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அது வழக்கம் என்று பழகிவிட்டோம். இங்கே சட்டம் வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் சிவில் சட்டத் திருத்தத்தின் 621-ஆம் பிரிவு, சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானத்தையும் காலப்போக்கில் வரும் மாற்றத்தையும் குடியிருப்பவர் சரிசெய்து தர வேண்டியதில்லை என்கிறது. அதற்கு முன்பே, 1998-இல் வெளிவந்து 2004, 2011 ஆண்டுகளில் திருத்தப்பட்ட அரசு வழிகாட்டி ஒன்று இருக்கிறது. "கென்ஜோ கைஃபுகு" என்றால் வீட்டைப் புதுசாக்கித் தருவது என்று நான் நினைத்திருந்தேன். நம் கவனக்குறைவால் ஆன சேதத்தை மட்டும் சரிசெய்வது என்று அந்த வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது.

எனக்கு வந்த பில்லை அதோடு வைத்துப் பார்த்தேன். வால்பேப்பர் 58 சதுர மீட்டர், மீட்டருக்கு 1,300 வீதம் 75,400. ததாமி ஆறு பாய்க்கும் மேல்விரிப்பு மாற்ற 33,000. வீட்டைச் சுத்தம் செய்ய 38,500. பூட்டு மாற்ற 16,500.

ஃபிரிட்ஜ், டிவிக்குப் பின்னால் வரும் கறுப்பும், வெயிலில் மங்குவதும் வீட்டுக்காரர் கணக்கு. அடுப்புக் கறை என் கணக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கறை பட்ட அந்த ஒரு சுவர் மட்டும்தான், 7 சதுர மீட்டர். அதிலும் வால்பேப்பரின் ஆயுள் 6 வருஷம் என்று வைத்து மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நாங்கள் வந்தபோது புதிதாக ஒட்டியது, நாலரை வருஷம் ஆகிவிட்டது, மிச்சம் கால் பங்கு. 9,100-இல் கால் பங்கு 2,275 யென். ததாமியில் கருத்துப்போன ஒரு பாய்க்கு மட்டும் 5,500. ததாமி விரிப்பைத் தீர்ந்துபோகும் பொருளாகக் கருதுவதால் வருஷக் கழிவு கிடையாது. சுத்தம் செய்யும் செலவு ஒப்பந்தத்திலேயே தொகையோடு எழுதி, நான் கையெழுத்துப் போட்டது. அதைக் கொடுத்தாக வேண்டும். பூட்டுக் காசுதான் என்னைக் கோபப்படுத்தியது. குடி வந்தபோதே 16,500 வாங்கியிருந்தார்கள், ரசீது கோப்பில் இருந்தது. சாவியையும் தொலைக்கவில்லை.

ஆபீசில் உள்ள ஜப்பானிய நண்பர் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தார். சண்டை போடுகிற தொனியே வேண்டாம், ஒவ்வொரு வரிக்கும் உங்கள் கணக்கையும் காரணத்தையும் எழுதுங்கள், உங்கள் தப்பை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே எழுதினேன்: அடுப்புச் சுவர் என் தவறு, ததாமி என் தவறு, இதோ தொகை. கம்பெனியின் முதல் பதில், சீரமைப்புச் செலவு அனைத்தும் குடியிருப்பவரைச் சேரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது. மனசு சோர்ந்துபோனது. 188-க்கு அடித்தேன். பக்கத்து நுகர்வோர் மையத்துக்கு இணைக்கிற எண் அது. அங்கே பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார். சாதாரணத் தேய்மானத்தையும் குடியிருப்பவர் தலையில் வைப்பதானால், எது எது என்று ஒப்பந்தத்தில் குறிப்பாக எழுதி, அவர் தெளிவாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், 2005 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார். அதைச் சேர்த்து இரண்டாவது கடிதம் போனது. பத்து நாளில் புதுக் கணக்கு வந்தது: 46,275 கழித்து மீதி 45,725. மே மாதம் வங்கியில் விழுந்தது.

விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஊரிலிருந்து அம்மா பயந்துகொண்டே இருந்தார். வீட்டுக் கணக்குக்கும் விசாவுக்கும் சம்பந்தம் இல்லை. இதைத் தைரியமாகச் சொல்லுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்து.

கோபேயிலிருந்து:

அண்ணா, உங்கள் கணக்கைப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. கோபே, ஒசாகா இருக்கும் கன்சாய் பக்கம் "ஷிகிபிகி" என்று ஒன்று பல ஒப்பந்தங்களில் உண்டு. வீடு எப்படி இருந்தாலும் டெபாசிட்டில் இவ்வளவு திரும்ப வராது என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். நான் 3 லட்சம் கொடுத்து 2 லட்சம் ஷிகிபிகிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். வாடகை 85,000. கடிதமும் எழுதினேன், மையத்துக்கும் போனேன். தொகை அளவுக்கு மீறிப் போகாதவரை அது செல்லும் என்று 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு கியோத்தோ வழக்கில் சொல்லிவிட்டதாம். அந்த வழக்கில் வாடகையைப் போல சுமார் 2 முதல் 3.5 மடங்கு வரை இருந்ததையே ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு 2 மடங்கு சொச்சம். வாயை மூடிக்கொண்டு வந்தேன். இங்கே சண்டை குடி போகிற நாளில்தான், காலி செய்கிற நாளில் இல்லை.

கவாசாகியிலிருந்து:

எனக்குப் பாடம் பூசணம். வடக்குப் பார்த்த அறை. குளிர்காலத்தில் ஜன்னலில் தண்ணீர் வழியும், துணியையும் உள்ளேயே காயப் போடுவேன். கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்ததைப் பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் கோப்பது வீட்டின் குறையாக இருந்தாலும், துடைக்காமல், தெரிவிக்காமல் விட்டுப் பரவினால் நம் பொறுப்பு. என் வால்பேப்பர் 7 வருஷப் பழசு, அதற்கு மதிப்பு 1 யென் என்றார்கள். ஆனால் உள்ளே ஜிப்சம் பலகை வரை ஊறியிருந்தது. அதற்கு 28,000 கொடுத்தேன். நியாயமாகத்தான் பட்டது. பூசணம் தெரிந்த அன்றே ஒரு போட்டோ எடுத்து மெயில் போட்டிருக்கலாம். இப்போது இருக்கும் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்.

சைதாமாவிலிருந்து:

கடிதத்துக்குப் பதிலே வராதவர்களுக்காக எழுதுகிறேன். நான் எளிய வழக்குமன்றம் வரை போனேன். 6 லட்சம் யென் வரையிலான பணத்துக்கு "ஷோகாகு சொஷோ" என்று ஒரு சிறு வழக்கு முறை உண்டு, பொதுவாக ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். நான் கேட்டது 1,18,000. அதற்கு நான் கட்டிய முத்திரைக் கட்டணம் 2,000 யென்தான், தபால் செலவு தனி. முதலில் "நைய்யோ ஷோமெய்" தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். நாம் என்ன எழுதினோம் என்பதற்குத் தபால் நிலையமே சாட்சி. நீதிமன்றத்தில் எல்லாம் ஜப்பானிய மொழிதான். எதிரே கோட் போட்ட நீதிபதி மேடையில் இருப்பார் என்று நடுங்கிப் போனேன், வட்ட மேசையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். குடி வந்த அன்று எடுத்த போட்டோக்களைத் தேதியோடு அச்செடுத்து வைத்தேன். எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு வந்து 90,000 கொடுத்தது. அரை நாள் லீவு போட்டது வீணில்லை.

சென்னையிலிருந்து:

நான் தோற்றவன். ஊர் திரும்ப நாலு நாள் இருக்கும்போது வீடு ஒப்படைத்தேன். பிள்ளைகள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள், கம்பெனி ஆள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வங்கிக் கணக்கையும் மூடிவிட்டேன். விமானம் ஏறிய பிறகு வந்த மெயிலில் 80,000 டெபாசிட்டில் மிச்சம் 3,200 என்று இருந்தது, வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு அதைவிட அதிகம் என்றார்கள். விட்டுவிட்டேன். திரும்பப்போகிறவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே வீட்டை ஒப்படைத்துவிட்டு நண்பர் வீட்டில் தங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவருக்கு "இனின்ஜோ" அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவருடைய கணக்கு எண்ணைக் கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டு வாருங்கள்.

நிஷிகசாய்காரரே, அந்த முதல் கடிதத்தின் மாதிரியைப் பெயர், முகவரி நீக்கிப் போட முடியுமா? என் தம்பி அடுத்த மாதம் ஃபுனாபோரியில் காலி செய்கிறான்.