காலி நிலத்தில் ஒரு பூச்சி

குழு: மூணாறு–மறையூர் சொந்தங்கள்
டிசம்பர், ஞாயிறு காலை

கார்த்தி (மெல்போர்ன்): (படம்) எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளி. இன்று நல்ல வெயில். சிலர் நோட்டும் கையுமாக வந்து பூச்சி எண்ணினார்கள். நானும் கூடப் போனேன்.

அத்தை (மூணாறு): இவ்வளவு இடமும் சும்மாவா கிடக்கிறது? சென்ட் என்ன விலை?

கார்த்தி: விற்க மாட்டார்கள் அத்தை. ‘கோல்டன் சன் மாத்’ என்று ஒரு சின்ன அந்துப்பூச்சி அதில் இருக்கிறது. அதற்காகத்தான் வேலி.

அத்தை: பூச்சிக்கு வேலியா!!

மாமா (உடுமலை): அந்து ராத்திரிதானே வரும்? வெயிலில் எதை எண்ணினார்கள்?

கார்த்தி: இது பகலில் பறக்கிற வகை மாமா. வெயில் சுள்ளென்று அடிக்க வேண்டும், அதுவும் சுமார் 10 மணியிலிருந்து 2 மணி வரைதான். ஆண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் விறுவிறுவென்று போகும். பெண் பறப்பதே அபூர்வம். புல்கொத்துகளுக்கு நடுவே வெறும் மண்ணில் உட்கார்ந்து ஆரஞ்சு நிறப் பின்னிறக்கையை விரித்துக் காட்டும். இரண்டுக்குமே சாப்பிட வாய் கிடையாது. சில நாளில் கதை முடிந்துவிடும்.

மாமா: பட்டுப்பூச்சியும் அப்படித்தான். புழுவாக இருக்கும்போது மல்பெரி இலை போட்டு மாளாது, கூட்டைவிட்டு வந்தபின் எதையும் தொடாது. நாங்கள் கூட்டையே விற்றுவிடுவதால் பூச்சியைப் பார்ப்பது குறைவு. இதன் புழு எதைத் தின்னும்?

கார்த்தி: வாலபி புல் என்று இந்த ஊர்ப் புல், அதன் வேர். ஒரு வருடமோ அதற்கு மேலோ மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஆண்கூடப் புல்லைவிட்டு 100 மீட்டர் தாண்டிப் போகாது. நடுவில் 200 மீட்டருக்கு வீடு வந்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கூட்டமும் அந்தப் பக்கத்துக் கூட்டமும் சேரவே சேராது. 2002இல் மிகவும் அழியும் நிலையில் உள்ள இனம் என்று பட்டியலில் வைத்தார்கள். தேடத் தேடப் புது இடங்கள் கிடைத்ததால் 2021இல் கீழ்ப்படிக்கு மாற்றிவிட்டார்கள்.

பெரியப்பா (மறையூர்): புல்லை அப்படியே வளரவிட்டால் பெண் பூச்சி உட்கார வெறும் மண் ஏது? ஆடு மாடு விடுகிறார்களா?

கார்த்தி: சரியாகப் பிடித்தீர்கள் பெரியப்பா. அளவாக மேயவிடுகிறார்கள், சில இடத்தில் வெட்டிவிடுகிறார்கள்.

பெரியப்பா: நம் இரவிகுளம் தேசியப் பூங்காவில் முதுவர் பழங்குடியினரை வைத்துப் பனிக்காலத்திலேயே துண்டு துண்டாகத் தீ வைப்பார்கள். வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்கும், கோடையில் பெருந்தீயும் பிடிக்காது. விவரம் தெரியாதவன் காடு எரிகிறது என்று ஸ்டேட்டஸ் போடுவான்.

அத்தை: குறிஞ்சி பூத்தால்தான் நம் புல்மேடு ஊர்க்கண்ணில் படுகிறது. 2018இல் அதையும் மழை கெடுத்தது. இனி 2030தான்.

பெரியப்பா: புல்மேட்டை வெறும் நிலம் என்று நினைத்துத்தானே அந்தக் காலத்தில் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸையும் வாட்டில் என்கிற சீமை வேல மரத்தையும் நட்டார்கள். கார்த்தி, இரண்டும் உன் ஊர் மரம், தெரியுமா?

மாமா: அங்கே புல்லுக்கு வேலி, இங்கே புல்லின் தலையில் அவர்கள் மரம். நல்ல வியாபாரம்.

கார்த்தி: இங்கேயும் வந்தேறிப் புல் தொல்லை உண்டு மாமா. சிலி நாட்டு ஊசிப்புல் புகுந்து வாலபி புல்லை அமுக்குகிறது. ஆனால் இந்தப் புழு அதன் வேரையும் தின்னப் பழகிவிட்டது. பிடுங்கினால் பூச்சிக்குக் கேடு, விட்டால் புல்வெளிக்குக் கேடு.

பெரியப்பா: பிடுங்கப் பிடுங்க நம் புல்லை நட்டுக்கொண்டே வர வேண்டும். பழத்தோட்டம் என்கிற ஊர்ப்பக்கம் வாட்டில் எரிந்த இடத்தில் ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும், தீ பட்டால் குபீரென்று முளைக்கும். ஒரு தடவை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இல்லை.

அத்தை: எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு மேலேயும் அதே கதைதான். தம்பி, வாட்டிலை ஒழிக்க அங்கே என்ன செய்கிறார்கள் என்று அந்த ஆட்களிடம் கேட்டுச் சொல்.

கார்த்தி: எப்படிக் கேட்பது அத்தை? வாட்டிலில் ஒரு வகையின் பூதான் இங்கே தேசிய மலர்.

அத்தை: நாசமாப் போச்சு.