மீதி வந்தால் பெட்டியைக் கூட்டுவதா, விடுவதா?

கேள்வி: பெட்டிக்கு 24 வீதம் 1,000 விளக்குகளை அடுக்கி, ஒரு நடைக்கு 18 பெட்டிகள் ஏற்றும் வண்டியில் அனுப்ப வேண்டும். 1,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஈவு 41, மீதி 16. விடை 41 பெட்டிகளா, 42 பெட்டிகளா என்பதில் என் மகள் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறாள். எப்படி விளக்குவது?

பதில் 1: வகுத்தலை விட்டுவிட்டு, அந்த 16 விளக்குகள் எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டுமெனில் அவற்றுக்கும் ஒரு பெட்டி தேவை என்பதால் விடை 42. நிறைந்த பெட்டிகள் எத்தனை என்று கேட்டால் 41. எத்தனை விளக்குகள் எஞ்சும் என்று கேட்டால் மீதியான 16-தான் விடை. நடைகளுக்கும் இதே சிந்தனைதான்: 42-ஐ 18-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 6, ஆகவே 3 நடைகள்.

பதில் 2: ஓர் எச்சரிக்கை. பள்ளியில் கற்ற ‘அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்துதல்’ இங்கே பொருந்தாது. 970 விளக்குகள் என்றால் ஏறத்தாழ 40.4 வரும், அதை 40 எனத் திருத்தினால் 10 விளக்குகள் வெளியே நின்றுவிடும்.

கேட்டவர்: மிக்க நன்றி. மீதியின் இடத்தைக் கேட்டதும் அவளே 42 என்றாள்.