சொட்டு மருந்து கண்ணுக்குள்தான் போகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆயர் ஈத்தாம் மகள்:

அப்பாவுக்கு 71 வயது. இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகக் கண்ணில் பிரஷர், அதாவது குளுக்கோமா. ராத்திரி ஒரு சொட்டு லட்டானோபிராஸ்ட் போட வேண்டும். ஒரு நாள் விட்டதில்லை, அதற்கு நானே சாட்சி. செய்தி முடிந்ததும் எழுந்து போவார், சாமி மேடையில் விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் பாட்டிலை எடுப்பார் (மறக்காமல் இருக்க அவரே கண்டுபிடித்த இடம்), நின்றபடியே அண்ணாந்து போட்டுக்கொண்டு வருவார். இருந்தும் கண் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் பிரஷர் 25, இல்லையென்றால் 26. 21க்குக் கீழே வர வேண்டுமாம், வரவே இல்லை. டாக்டர் இரண்டாவது மருந்தைச் சேர்த்தார். அப்புறம் மூன்றாவதைப் பற்றிப் பேச்சு, அதோடு மெதுவாக ஆபரேஷன் என்ற சொல்லும் வந்தது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மருந்து வாங்கும் கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட இருக்காது. மருந்துப் பையைக் கொடுக்கப் போனவள் நிறுத்தி, "பாக்சிக் (மாமா), வீட்டில் எப்படிப் போடுவீங்க, ஒரு தடவை காட்டுங்க" என்று வெறும் செயற்கைக் கண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அப்பா கம்பீரமாக அண்ணாந்தார். முதல் சொட்டு கன்னத்தில். இரண்டாவது இமை முடியில். மூன்றாவது உள்ளே விழுந்தது, விழுந்த உடனே கண்ணை இறுக்கி மூடி, படபடவென்று ஏழெட்டு முறை சிமிட்டி, கைக்குட்டையை எடுத்துச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கான பாட்டில் எங்கள் வீட்டில் பதினெட்டு, இருபது நாளில் தீர்ந்துவிடும். கம்பெனிக்காரன் குறைத்து ஊற்றுகிறான் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம்!

உட்காரச் சொன்னாள். கீழ் இமையை இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு, பாட்டில் மூக்கு கண்ணில் படக் கூடாது. பிறகு தூங்குவது போல மெதுவாகக் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம். இன்னொரு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து. விளக்குப் பக்கத்தில் வைப்பது என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த மருந்தைத் திறக்கும்வரை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், திறந்த பிறகும் 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஆறு வாரத்தில் தூக்கிப் போட வேண்டும். எங்கள் ஃப்ளாட்டில் மத்தியானம் 25 டிகிரி எங்கே கிடைக்கும்?

நான்கு மாதம் கழித்துப் பிரஷர் 18. அதே மருந்து. மூன்றாவது மருந்துப் பேச்சே வரவில்லை.

எனக்குக் கோபம்தான். மூன்று வருடத்தில் எத்தனை முறை வரிசையில் நின்றிருப்போம், எத்தனை முறை கண்ணை அளந்திருப்பார்கள், ஒருவர்கூட "போட்டுக் காட்டுங்க" என்று கேட்கவில்லையே. கண்ணுக்கு மருந்து போடுவதில் உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள். சொட்டு, ஊசி, எதுவானாலும்.

செந்தூல் அக்கா:

எங்கள் கதை தலைகீழ். உங்கள் அப்பாவுக்கு மருந்து கண்ணுக்குள் போகவில்லை, என் அம்மாவுக்கு அது நெஞ்சுக்குப் போய்விட்டது.

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. பல வருடமாக அடங்கித்தான் இருந்தது. கண் பிரஷருக்கு டிமோலோல் கொடுத்தார்கள், காலையும் மாலையும். மூன்றாம் நாள் ராத்திரி மூச்சு விட முடியவில்லை. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டர் "என்னென்ன மருந்து எடுக்கிறாங்க" என்று கேட்டார், நான் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் ஒப்பித்தேன். கண்ணுக்குப் போடுவதைச் சொல்லவே இல்லை. அதை மருந்துக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்? அந்த டாக்டர் புத்திசாலி, "கண்ணுக்கு ஏதாவது போடுறாங்களா" என்று தனியாகக் கேட்டார். அதோடு டிமோலோல் நின்றது, வேறு மருந்து மாறியது.

கொடுத்த இடத்தில் ஆஸ்துமா உண்டா என்று கேட்டார்களா என்றால், அம்மா இல்லை என்கிறார். அம்மாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்துக்கடை தம்பி:

அக்கா, நான் கோலாலம்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். நீங்கள் இருவரும் சொல்வது ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் ஏழு மைக்ரோலிட்டர்தான். அதிகபட்சம் 30 வரை பிடிக்கும். ஆக ஒரு சொட்டே அதிகம், இரண்டாவது சொட்டு போட்டால் அது கன்னத்துக்குத்தான். உள்ளே நின்ற மிச்சத்தையும் கண்ணீர் சில நிமிடத்தில் கழுவி, மூலையில் இருக்கும் சின்னத் துளை வழியாக மூக்குக்கு அனுப்பிவிடும். சொட்டு போட்டதும் தொண்டையில் கசக்கிறது என்று சிலர் சொல்வார்களே, அது இதனால்தான். மூக்குச் சவ்விலிருந்து மருந்து நேராக இரத்தத்துக்குப் போகிறது. மாத்திரை என்றால் முதலில் ஈரலைத் தாண்ட வேண்டும், இதற்கு அந்தச் சோதனைச் சாவடியும் கிடையாது. அதனால்தான் கண்ணில் போட்ட டிமோலோல் நுரையீரலைப் பிடித்தது. கடைசியில் கண்ணுக்குள்ளே போய்ச் சேருவது போட்டதில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவு.

அந்தப் பிள்ளை மூலையை அழுத்தச் சொன்னாளே, காசில்லாமல் செய்யக்கூடிய பெரிய சீர்திருத்தம் அதுதான். வடிகாலை அடைத்துவிடுகிறோம், மருந்து கண்ணிலேயே நிற்கிறது, உடம்புக்குப் போவதும் குறைகிறது. (ஆஸ்துமாக்காரர்கள் அழுத்திக்கொண்டு டிமோலோல் போடலாம் என்று அர்த்தம் இல்லை. கூடாது.)

மருந்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. டிமோலோலிலேயே ஒரு வகை உண்டு, பாட்டிலில் தண்ணீர் மாதிரி இருக்கும், கண்ணீரின் உப்பு பட்டதும் கூழாகிவிடும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். லட்டானோபிராஸ்ட் இன்னும் தந்திரக்காரன். கருவிழியின் மேல்தோல் கொழுப்புத்தன்மை உள்ளது, அதற்குள் தண்ணீரில் கரையும் சரக்கு சுலபத்தில் நுழையாது. அதனால் மருந்துக்கு ஒரு கொழுப்புச் சட்டை மாட்டி அனுப்புகிறார்கள், உள்ளே போனதும் கண்ணின் என்சைமே அந்தச் சட்டையைக் கழற்றிவிடுகிறது, அப்போதுதான் அது வேலை செய்யும் மருந்தாகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கடையில் கேட்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் பிரெட்னிசோலோன் அசிடேட் வெள்ளையாக, பால் மாதிரி இருக்கும். மருந்து கரையாமல் தூளாக மிதக்கிறது. குலுக்காமல் போட்டால் ஒரு நாள் வெறும் தண்ணீர், இன்னொரு நாள் கெட்டி மருந்து. நன்றாகக் குலுக்குங்கள்.

கூலிம் பேத்தி:

எங்கள் தோட்டத்தில் பாட்டி யார் கண் சிவந்தாலும் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிவார். பிள்ளை பெற்றவள் பக்கத்து வீட்டில் இருந்தால் தாய்ப்பால். ராத்திரி விளக்கெண்ணெய். எங்களுக்கெல்லாம் கண் நன்றாகத்தானே இருக்கிறது?

மருந்துக்கடை தம்பி:

@கூலிம் பேத்தி: வேண்டாம் அக்கா. பூவிலும் பாலிலும் கிருமி இருக்கும், கருவிழியில் புண் வந்தால் தழும்பு நிற்கும். ஆனால் பாட்டியின் விளக்கெண்ணெய்க்கு ஒரு கும்பிடு போடலாம், கண் வறட்சிக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து ஒன்று விளக்கெண்ணெயைப் பொடிப்பொடித் துளியாக்கித்தான் செய்யப்படுகிறது. அந்த மருந்து தண்ணீரில் கரையாது. அது தொழிற்சாலையில் கிருமி நீக்கிய எண்ணெய், அடுப்படி எண்ணெய் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:

நான் ஊசிக் கட்சி. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருபது வருடம். நம் நாட்டில் 2023 கணக்குப்படி பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இந்தக் கட்சிதான், ஆகவே படித்து வையுங்கள்.

ஒரு நாள் கேடிஎம் ரயில் ஸ்டேஷனில் பலகையைப் பார்க்கிறேன், எழுத்துகளெல்லாம் நடுவில் வளைந்து தெரிகின்றன. விழித்திரையின் நடுவில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். "சொட்டு மருந்து எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டு, சொட்டு அவ்வளவு தூரம் போகாது, பின்னால் இருக்கும் விழித்திரைக்கு ஊசிதான் வழி என்றார். கண்ணில் ஊசி! வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்துப் போக மருந்து விடுவார்கள், பழுப்பு நிற அயோடின் ஊற்றுவார்கள், இமை மூடாமல் இருக்க ஒரு கம்பி. அந்த அயோடின் எரிச்சல்தான் முழுக் காரியத்திலும் மோசமானது, அன்று சாயங்காலம்வரை கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கும். ஊசி என்னவோ ஒரு அழுத்தம், அவ்வளவுதான், மிஸ்ஸி (நர்ஸ்) என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று இரண்டு சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. கருவிழிக்குப் பக்கத்தில், வெள்ளை விழியில் குத்துகிறார்கள். உள்ளே விடுவது 0.05 மில்லி. மேலே தம்பி சொன்ன ஒரு சொட்டு அளவுதான்! அதே ஒரு சொட்டு, வெளியே போட்டால் பின்பக்கம் போய்ச் சேருவது ஒன்றுமில்லை என்கிற அளவு, உள்ளே வைத்தால் முழுசும் கண்ணுக்கு.

சங்கடம் என்னவென்றால் அது தீர்ந்துவிடும். முதலில் மாதம் ஒன்று. எனக்குப் போட்டது பெவாசிசுமாப், குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து, ஒரு குப்பியைப் பல சின்ன ஊசிகளாகப் பிரித்துப் போடுவதால் மலிவு. அதே வேலைக்கான இன்னொரு ஊசி மருந்து அஃப்லிபெர்செப்ட், அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன். 2022இல் வந்த ஃபாரிசிமாப் சிலருக்கு நான்கு மாதம்வரை தாங்குமாம், அதன் விலையைக் கேட்கவே இல்லை. மாதா மாதம் மகன் லீவு எடுக்க வேண்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு நான் தனியாக எல்ஆர்டி ரயில் ஏற முடியாதே. எட்டாவது ஊசிக்கு மகனுக்கு வேலை, எனக்கு வெட்கம், தள்ளிப் போட்டேன். நீர் திரும்பக் கோத்தது.

பிறகு ஒரு குச்சி வைத்தார்கள். டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு, 0.7 மில்லிகிராம், ஆறு மில்லிமீட்டர் நீளம். தானாகக் கரையும் தையல் நூல் இருக்கிறதே, அந்த வகைச் சரக்கில் மருந்தைக் கலந்து செய்தது, மெல்லக் கரைந்து மாதக்கணக்கில் மருந்து கசியும். முதல் வாரம் அது மிதப்பது எனக்குத் தெரிந்தது! வெள்ளைச் சுவரைப் பார்த்தால் ஒரு அரிசி நிழல் போல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நீந்தும். பேரப்பிள்ளையிடம் "தாத்தா கண்ணுக்குள் மீன் வளர்க்கிறேன்" என்றேன். நாலு மாதம் நிம்மதி. ஆனால் ஸ்டீராய்டு கண் பிரஷரை ஏற்றிவிட்டது, இப்போது நானும் உங்கள் அப்பா மாதிரி ராத்திரிச் சொட்டுக்காரன்.

தஞ்சோங் பூங்கா அம்மா:

சுருக்கமாக. மகளுக்கு ஏழு வயது, கிட்டப்பார்வை ஏறாமல் இருக்க அட்ரோபின் 0.01% தினமும் ராத்திரி. முதல் மாதம் வீடு போர்க்களம். பிறகு ஒரு மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தார்: படுக்க வை, கண்ணை மூடிக்கொள்ளட்டும், மூடிய கண்ணின் உள்மூலையில் சொட்டை வை, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல். தானாக உள்ளே வழிந்துவிடும். அழுகை நின்றது. உங்கள் அப்பாவுக்கும் இது ஒத்துவரலாம்.

மருந்துக்கடை தம்பி:

பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் சொன்ன "தீர்ந்துவிடும்" என்பதோடுதான் ஐம்பது வருடமாக மல்லுக்கட்டு. 1974இலேயே பைலோகார்பின் என்ற கண் பிரஷர் மருந்தைச் சின்னத் தகடாக்கி, இமைக்குள் ஒரு வாரம் வைத்துக்கொள்ளும்படி அமெரிக்காவில் விற்றார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை சொட்டு போடுகிற வேலை மிச்சம். ஆனால் தூக்கத்தில் நழுவி விழுந்துவிடும், கிழவர்களுக்கு விழுந்ததும் தெரியாது. எடுபடவில்லை. ரானிபிசுமாப் என்ற விழித்திரை ஊசி மருந்தை நிரப்பி வைக்கும், அரிசி மணி அளவுள்ள ஒரு சின்ன டப்பாவைக் கண் சுவரில் பொருத்தி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிரப்பிக்கொள்ளலாம் என்று 2021இல் அங்கே அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே நிரப்பும் வாயில் கோளாறு என்று திரும்ப வாங்கி, திருத்தி, 2024இல் மறுபடி விட்டார்கள். பட்டர்வொர்த் கிரேனைவிட இந்த அரிசி மணிக்கு அதிக ரிப்பேர்!

செந்தூல் அக்கா:

டப்பா கிப்பா எல்லாம் இருக்கட்டும் தம்பி, பாட்டிலை நசுக்க அம்மாவுக்கு விரலில் பலம் இல்லை, அதற்கு வழி சொல்லுங்கள்.

மருந்துக்கடை தம்பி:

பாட்டிலை உள்ளே மாட்டி அழுத்துகிற பிளாஸ்டிக் பிடி விற்கிறார்கள் அக்கா, உங்கள் பாட்டில் அதில் பொருந்துமா என்று கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே போட்டுவிடுங்கள், அதுதான் உத்தமம்.

ஆயர் ஈத்தாம் மகள்:

எல்லோருடையதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணுக்குள் மீன் கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மூடிய கண் முறையை நேற்று முயன்றோம், "நான் என்ன குழந்தையா" என்று ஒரு முறைப்பு, ஆனால் சொட்டு ஒன்றுதான் செலவானது.

அந்த இரண்டு நிமிடம்தான் அவருக்குப் பெரும்பாடு. எண்ணச் சொன்னால் எண்பதிலேயே கண்ணைத் திறந்துவிடுவார். இப்போது பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறுகிறாராம், கண்ணை மூடி மூலையை அழுத்திக்கொண்டு, மனதுக்குள், ஒவ்வொரு படியாக. மொத்தம் 513. முட்டி வலி வந்ததிலிருந்து நிஜத்தில் ஏறியதில்லை. நேற்று "எதுவரைக்கும் போனீங்கப்பா" என்றேன். "நூத்திப் பத்தில் நீ கூப்பிட்டுட்டே" என்று திட்டிவிட்டு, பாட்டிலைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.