மறு: கியர்பெட்டி எண்ணெய்: ‘கசிவு’ ஒன்றே போதுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கியர்பெட்டி தொடர்பான சொற்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற மடலுக்கு என் பதில் இது. மேற்கோள் வரிகள் அந்த மடலில் வந்தவை.

> ‘கசிவு’ என்ற ஒரு சொல் போதும். சிறு கசிவு, பெருங்கசிவு என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டறையில் அது போதாது, ஐயா. கியர்பெட்டியின் இரு பாதிகள் சேரும் விளிம்பில் எண்ணெய் ஈரமாகப் படர்ந்து, அதன்மேல் புழுதி ஒட்டிக் கறுத்திருந்தால் யாரும் பெட்டியை இறக்கமாட்டார்கள். துடைத்துவிட்டு அடுத்த சர்வீஸில் பார்ப்பார்கள். வண்டி நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருந்தால் கதை வேறு. உள்ளே மட்டம் குறைகிறது. சீலோ (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) வாஷரோ மாற்றியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிப்பவர் ஒன்று வீணாகச் செலவழிப்பார், இல்லை அசட்டையாக விட்டுவிடுவார்.

என் முன்மொழிவு: முதலாவதற்குப் ‘பொசிவு’, இரண்டாவதற்கு ‘ஒழுக்கு’. வாய்க்கால் கரை பொசிகிறது, கூரை ஒழுகுகிறது. பேச்சில் யாரும் இதை மாற்றிச் சொல்வதில்லை. ‘கசிவு’ இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

> ஒழுக்கு என்றால் நடத்தை என்றும் பொருள் வருமே?

வரும். ஆனால் ‘கியர் எண்ணெய் ஒழுக்கு’ என்று படித்துவிட்டு எண்ணெயின் நன்னடத்தையை யாரும் விசாரிக்கப்போவதில்லை. தயங்குகிறவர்கள் ‘ஒழுகல்’ என்று எழுதட்டும்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். முன்சக்கர உந்து வண்டியில் சக்கரத்துக்குப் போகும் தண்டு பெட்டிக்குள் நுழையும் இடத்து சீல்தான் முதல் சந்தேகம். கிளட்ச் கூட்டின் அடியில் சொட்டினால் அது என்ஜின் ஆயிலாகவும் இருக்கலாம், கியர் எண்ணெயாகவும் இருக்கலாம். விரலில் தொட்டு முகர்ந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: கியர் எண்ணெயில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும். இடம் பிடிபடவில்லை என்றால் நன்றாகத் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஈரக்கோடு கிளம்பிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

> பிரீதர் என்பதற்குச் ‘சுவாசக்குழல்’?

அது மருத்துவர்களிடமே இருக்கட்டும். ‘மூச்சுத்துளை’ போதும். ஓட்டத்தில் பெட்டி சூடாகி உள்ளிருக்கும் காற்று விரியும்போது வெளியேற மேற்புறம் உள்ள சின்ன வழி அது. சேறு அடைத்தால் அழுத்தம் ஏறி, நல்ல சீலின் உதட்டையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். சீல் மாற்றியும் நிற்கவில்லை என்று திரும்பி வரும் வண்டியில் இதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

> ஜிஎல்-4, ஜிஎல்-5 = தரம் 4, தரம் 5

இதை மட்டும் கடுமையாக எதிர்க்கிறேன். இவை எந்த வேலைக்கு எந்தக் கியர் எண்ணெய் என்று காட்டும் குறியீடுகள். ‘தரம்’ என்று போட்டால் ஐந்து நான்கைவிட உசத்தி என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். ஜிஎல்-5 ஹைபாய்டு பற்கள் (ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உரசும் வளைந்த பற்கள்) உள்ள பின் அச்சுக்கானது. பற்கள் உரசித் தேயாமலிருக்கச் சேர்க்கும் கந்தக-பாஸ்பரஸ் பொருள் ஜிஎல்-4இல் உள்ளதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் சில வகை, சூட்டில் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போக வைப்பவை) அரிக்கும். வழுக்கலும் கூடுவதால் வளையம் கியரின் கூம்பைப் பிடிக்காமல், கியர் மாற்றும்போது கறகறக்கும். வண்டியின் கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதுதான். ‘வகை 4’, ‘வகை 5’ என்போம்.

பாகியல் எண்ணுக்கும் (எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்) ஒரு குறிப்பு தேவை. கியர் எண்ணெயின் 90 வேறு அளவுகோல். 100 டிகிரி செல்சியஸில் அது என்ஜின் ஆயிலின் 40, 50 எண்களை ஒட்டித்தான் வரும். இது தெரியாமல் 75டபிள்யூ-90ஐக் கூழ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், ஒழுக்கை நிறுத்த இன்னும் கெட்டியான 140 எண் எண்ணெயை ஊற்றுகிறவர்களும் உண்டு. சீல் கிழிசல் அப்படியே இருக்கும். காலைக் குளிரில் இரண்டாம் கியர் விழாமல் முரண்டு பிடிப்பதுதான் மிச்சம்.

மட்டம் பார்க்கும் குறிப்பில் ஒரு வரி கூடுதலாக: வடிதிருகைத் தொடும் முன் நிரப்புதிருகு கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்ட பிறகு அது துருப்பிடித்து இறுகியிருப்பது தெரிந்தால், வண்டியை நகர்த்தவும் முடியாது. ‘வடிதிருகு’, ‘நிரப்புதிருகு’ இரண்டும் போன மடலில் வந்தவைதான். எனக்கு முழுச் சம்மதம். சின்க்ரோ வளையத்துக்கு ‘ஒத்தியக்க வளையம்’ என்று வைக்கலாமா? நீளம்தான், இதைவிடக் குறுகியது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.