காதி நீதிமன்றத்தை மூடுவதா, திருத்துவதா?

தராசு:
இலங்கையில் காதி நீதிமன்றங்களை ஒழித்து, முஸ்லிம்களின் விவாகரத்து வழக்குகளை மாவட்ட நீதிமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் எதிர்க்கிறேன். அங்கே நீதிபதியாக இருக்கும் காதியார் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் அல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி நீதிச்சேவை ஆணைக்குழு நியமிப்பவர். அவரது கட்டளையில் பிழை இருந்தால் மேன்முறையீடு கேட்கக் காதிகள் சபை இருக்கிறது. அதற்கு மேல் அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். காதியின் முன் சட்டத்தரணிகள் ஆஜராக முடியாததால் அந்தச் செலவும் இல்லை. கையில் காசில்லாத பெண்ணுக்கு இது சின்ன விசயமா?

பேனாமுனை:
சட்டத்தரணி இல்லாததால் யாருக்கு லாபம், தராசு? தலாக், அதாவது தன் பக்கத்திலிருந்து விவாகரத்துச் சொல்லும் கணவர் எந்தக் காரணத்தையும் நிரூபிக்கத் தேவையில்லை. மனைவி வசிக்கும் பகுதிக் காதிக்கு அறிவித்தல் கொடுப்பார். காதி உறவினரையும் பெரியவர்களையும் வைத்துச் சமரசம் பேசுவார். 30 நாள் கழிந்தும் மனம் மாறாவிட்டால் காதியும் இரு சாட்சிகளும் இருக்கத் தலாக் சொல்லிவிடலாம். மனைவி பஸஹ், அதாவது கணவரின் குற்றத்தைக் காட்டி விவாகரத்து கேட்டால் அந்தக் குற்றத்தை அவளே நிரூபிக்க வேண்டும், காதிக்குத் துணையாக மூன்று மதிப்பீட்டாளர்களும் அமர்வார்கள். காதி ஆணாகவே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். காதிகள் சபையின் ஐந்து பேரும் ஆண்கள். அடிபட்டதைக் காதி முன்னால் தனியாக நின்று சொல்லச் சொல்வதைச் சலுகை என்று நான் ஏற்கமாட்டேன்.

கடலோரம்:
இருவரும் பணம் கைக்கு வரும் இடத்தைப் பார்க்கவில்லை. காதி தாபரிப்புக் கட்டளை, அதாவது மனைவி பிள்ளைகளின் பராமரிப்புச் செலவைக் கணவர் கொடுக்கும்படி கட்டளை இடுவார், ஆனால் அறவிடும் அதிகாரம் அவரிடம் இல்லை. கணவர் கட்டாவிட்டால் நிலுவையைக் கணக்கிட்டு நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே அது தண்டப்பணம் போல அறவிடப்படும். எந்த மாதம் முதல் எவ்வளவு, கணவருக்கு அறிவித்தல் சேர்ந்ததா, இப்போதைய முகவரி என்ன என்பதெல்லாம் வழக்குக் கோவையில் சரியாக இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். பிள்ளை யாரிடம் இருப்பது என்பதோ காதியின் வரம்பிலேயே இல்லை, அதற்கு மாவட்ட நீதிமன்றம். ஆக, ஒரு குடும்பம் மூன்று வாசல் ஏறுகிறது.

தராசு:
அப்படியென்றால் காதிக்குப் பயிற்சியும் அலுவலகமும் எழுதுவினைஞரும் கொடுங்கள். பெண்களையும் நியமியுங்கள். மூட ஏன் வேண்டும்?

பேனாமுனை:
ஏனென்றால் வெளியே போக வழியில்லை. பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது, இரு முஸ்லிம்கள் அதன் கீழ் திருமணம் செய்ய முடியாது. 1951 சட்டத்தில் குறைந்தபட்ச வயது இல்லை, 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்துக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்பது மட்டும்தான். அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை பழைய சட்டங்களைக் காப்பாற்றுவதால், சமத்துவ உரிமையைக் காட்டி இதை வீழ்த்தவும் முடியாது. இந்தச் சட்டத்தைத் திருத்த ஆலோசனை கூற 2009இல் உச்ச நீதிமன்ற நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது, அதுவும் இரண்டாகப் பிரிந்து. இன்னும் எத்தனை காலம் திருத்தத்துக்குக் காத்திருப்பது?

கடலோரம்:
முழுச் சட்டமும் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மற்றச் சமூகப் பெண்கள் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நேரே நீதவானிடம் போகிறார்கள். அதே வாசலை முஸ்லிம் மனைவிக்கும் பிள்ளைக்கும் திறந்துவிட்டால் கட்டளையும் அறவீடும் ஒரே நீதிமன்றத்தில் முடியும். விவாகரத்து காதியிடமே இருக்கட்டும்.

தராசு:
தாபரிப்புக்கு மட்டும் என்றால் சம்மதம். பெண் விரும்பினால் காதியிடமும் கேட்கலாம் என்று இருக்க வேண்டும்.

பேனாமுனை:
பாதிக்குத்தான் எனக்குச் சம்மதம். பஸஹ் விசாரணையில் பெண்ணுக்குச் சட்டத்தரணி வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.