ரிங்கா ரிங்கா ரோசஸுக்குள் பிளேக் ஒளிந்திருக்கிறதா?

மழலைமேடை:
பள்ளி ஆண்டு மலரில் ‘நர்சரி பாட்டுகளின் மர்மம்’ என்று ஒரு பக்கம் வருகிறது. ரிங்கா ரிங்கா ரோசஸ் லண்டன் பிளேக்கைப் பற்றியது, பாபா பிளாக் ஷீப் கம்பளி வரி, ஹம்ப்டி டம்ப்டி ஒரு பீரங்கி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் அச்சில் ஏற்றலாமா? எது தேறும்?

ஏட்டுச்சுவடி:
பிளேக்கை முதலில் தூக்கிவிடுங்கள். ரோஜா என்பது உடம்பில் சிவப்புத் தடிப்பு, பாக்கெட்டுப் பூ நாற்றத்துக்குக் காப்பு, அப்புறம் வரும் ‘அட்டிஷூ’ தும்மல், கடைசியில் எல்லாரும் விழுவது சாவு. கேட்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நோய்க்கு அடையாளம் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டுவது, தும்மல் இல்லை. லண்டனில் பிளேக் 1665இல். பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881இல், கேட் கிரீனவே படம் போட்ட ‘மதர் கூஸ்’ என்ற குழந்தைப் பாட்டுத் தொகுப்பில். நடுவே 216 வருஷம். பிளேக் நாட்களை நாட்குறிப்பில் எழுதித் தள்ளிய சாமுவேல் பீப்ஸ்கூட இப்படி ஒரு பாட்டைச் சொல்லவில்லை. இந்த விளக்கம் பரவியதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

நல்ல சாட்சி நம் பிள்ளைகள் வாயிலேயே இருக்கிறது. இங்கே யாரும் தும்முவதில்லை, ‘ஹுஷா புஷா’ என்றுதான் பாடுகிறார்கள். 1881 அச்சிலும் அந்த இடத்தில் ‘ஹுஷ்’ நாலு தடவை. ஜெர்மன் பாட்டில் பிள்ளைகள் ஒரு புதரடியில் உட்கார்ந்து ‘ஹுஷ் ஹுஷ்’ என்கிறார்கள். தும்மலே இல்லாத வடிவங்கள் இத்தனை இருக்கும்போது தும்மலை வைத்துக் கட்டிய கதை எப்படி நிற்கும்? விழுவதும் ஆட்ட விதிதான். சில இடங்களில் கடைசியாகக் குந்துகிற பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

அரைமார்க்:
கம்பளி வரி உண்மை. 1275இல் முதலாம் எட்வர்ட் ஏற்றுமதிக் கம்பளி மூட்டைக்கு அரை மார்க் விதித்தார். அரை மார்க் என்றால் 6 ஷில்லிங் 8 பென்ஸ், ஒரு பவுனில் மூன்றில் ஒன்று. மூட்டை 364 ராத்தல், அதாவது சுமார் 165 கிலோ. விலை சில பவுன்கள். வாட்ஸ்அப் கணக்கில் மூன்று மூட்டையில் இரண்டு ராஜாவுக்கும் சர்ச்சுக்கும் போய்விடுகிறது. அந்த விகிதத்துக்கு இந்த வரி பக்கத்தில்கூட வராது. பாட்டு அச்சில் வந்ததும் 1744இல்தான். அதில் சந்துப் பையனுக்கும் ஒரு பங்கு உண்டு. அவனுக்கு ஒன்றுமில்லை என்பது பிறகு வந்த அச்சு. வரிக்கதைக்காரர்களுக்கு எது வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜாக் அண்ட் ஜில் என்பது பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயியும் ராணி மேரி அன்டாய்னெட்டும் என்று யாராவது எழுதித் தந்தால் படிக்காமலே கிழிக்கலாம். தலை போனது 1793இல். பாட்டு அதற்கு முன்பே புத்தகத்தில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:
ஹம்ப்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கோல்செஸ்டர் முற்றுகையில் மதிலிலிருந்து விழுந்த ராஜா படையின் பீரங்கிதான் அவன் என்பது கதை. 1648இல் அந்த முற்றுகை நடந்தது நிஜம். ஆனால் 1797இல் அச்சான பாட்டில் ராஜாவின் குதிரையும் இல்லை, ஆளும் இல்லை. எண்பது பேரும் இன்னொரு எண்பது பேரும்தான். ராஜாவே இல்லாத இடத்தில் ராஜாவின் பீரங்கிக்கு என்ன வேலை? அது விடுகதை, விடை முட்டை. 1871இல் லூயிஸ் கரோல் கதைக்கு டென்னியல் முட்டையாகவே வரைந்துவிட்டார். இப்போது விடையைப் பார்த்துக்கொண்டேதான் எல்லாரும் விடுகதை பாடுகிறோம்.

தோசைக்கல்:
எல்லாவற்றையும் கொன்றுவிட்டீர்கள். நான் ஒன்று தருகிறேன். நம் தோசைப் பாட்டில் அப்பாவுக்கு 4, அம்மாவுக்கு 3, அண்ணனுக்கு 2, பாப்பாவுக்கு 1. மொத்தம் 10. அப்பா ஜமீன்தார், அவருடைய 4 மேல்வாரம், அதாவது நிலக்காரர் பங்கு. மிச்சம் 6 குடிவாரம், உழுகிறவர் பங்கு. அரிசியும் உளுந்தும் நஞ்சை, புஞ்சை. பாப்பா பண்ணையாள். மறுக்க முடியுமா?

அரைமார்க்:
பிரமாதம். உளுந்து நெல் அறுத்த நஞ்சையிலேயே விதைக்கிற பயிர் என்பதை மட்டும் டெல்டாக்காரர் எவரிடமும் சொல்லிவிடாதீர்கள். நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு என்று இறங்குவது எண் பழக்கத்தான். அப்பாவை எடுத்துவிட்டுத் தாத்தாவை வைத்தாலும் கணக்கு மாறாது. யாரை வைத்தாலும் பொருந்துகிற பூட்டுக்கு எந்தச் சாவியும் சாட்சியில்லை.

மழலைமேடை:
பக்கத்தை மாற்றிவிட்டேன். ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் இரண்டு வருஷம் மட்டும்: சம்பவம் நடந்தது, பாட்டு அச்சானது. தோசை ஜமீனையும் போடுகிறோம், ‘இது எங்கள் கைச்சரக்கு’ என்ற குறிப்போடு.